சீசனின் கடைசி நாளில் வேடம் எதற்கு? ஸ்கீ மலைகளின் வசந்தக் கொண்டாட்டம்

ஏப்ரல், மே மாதங்களில் ஸ்கீ ரிசார்ட்டுகளிலிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். வாழைப்பழ வேடத்தில் ஒருவர், கோழி வேடத்தில் ஒருவர், நீச்சலுடையில் இன்னொருவர் என்று வரிசையாகச் சறுக்கி வந்து பனித்தண்ணீரில் விழுகிறார்கள். சுற்றி நிற்கும் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. இது என்ன விழா, வேடம் எதற்கு, முதன்முறை போகிறவர் எப்படித் தயாராக வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

வேடிக்கைக்காகத்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி பதில்கூட ஆகாது. அந்த நாள் முதலில் அந்த மலையில் வேலை செய்தவர்களின் நாள். சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டை இயக்குபவர்கள், ஸ்கீ பேட்ரோல் எனப்படும் மீட்புக் குழுவினர், பயிற்றுநர்கள், சமையலறை ஆட்கள், இரவெல்லாம் வண்டியோட்டிப் பனியைச் சீர்செய்பவர்கள், சீசன் பாஸ் வாங்கி வாரம் தவறாமல் வரும் ஊர்க்காரர்கள் எல்லோரும் நவம்பர், டிசம்பரிலிருந்து ஒரே மலையைப் பகிர்ந்துகொண்டவர்கள். லிஃப்ட் நின்ற மறுநாளே திசைக்கொருவராகப் பிரிந்துவிடுவார்கள். சிலர் ஜூனில் நியூசிலாந்துக்கும் சிலிக்கும் போய் அங்கே தொடங்கும் குளிர்காலத்தில் வேலைக்குச் சேர்வார்கள். சிலர் படகோட்டவோ கட்டட வேலைக்கோ போவார்கள். அடுத்த நவம்பரில் யார் திரும்பி வருவார்கள் என்பது யாருக்கும் உறுதியில்லை. அந்தப் பிரிவை அழுகையாக்காமல் ஆட்டமாக்கும் வழிதான் வேடம். ஐந்து மாதம் சீருடையில் பார்த்த மீட்புக் குழுத் தலைவர் அன்று தேவதைச் சிறகோடு நிற்பார். யார் முதலாளி, யார் தொழிலாளி, யார் பயணி என்பது ஒரு நாளைக்கு அழிந்துபோகிறது.

வெளியாருக்கு எளிதில் விளங்காத ஒன்று உண்டு. பல பெரிய மலைகள் மூடுவது பனி தீர்ந்துபோனதால் அல்ல. கொலராடோவின் உயரமான சரிவுகளில் பனித்தேக்கம் உச்சத்தை எட்டுவதே பெரும்பாலும் ஏப்ரல் தொடக்கத்தில்தான். அதே வாரங்களில்தான் அங்கே பல ரிசார்ட்டுகள் கதவைச் சாத்துகின்றன. காரணம் மேலே மலையில் இல்லை, கீழே சமவெளியில் இருக்கிறது. நகரத்தில் வெயில் வந்து மரங்கள் துளிர்த்ததும் மக்களின் மனம் சைக்கிளுக்கும் தோட்டத்துக்கும் போய்விடுகிறது. டிக்கெட் விற்பனை சரிகிறது. லிஃப்டை ஓட்டும் செலவு மட்டும் குறைவதில்லை. ஆட்களும் குறைந்துவிடுகிறார்கள். அமெரிக்க ரிசார்ட்டுகளுக்கு, தற்காலிகமாக வேலை செய்ய அனுமதிக்கும் ஜே-1 விசாவில் வரும் அர்ஜென்டினா, பெரு, சிலி மாணவர்களுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரைதான் கோடை விடுமுறை. கல்லூரி திறப்பதற்குள் ஊர் திரும்பியாக வேண்டும். இறுதி நாள் கொண்டாட்டத்தை அவர்களில் பலர் பார்க்காமலே போய்விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். சில ரிசார்ட்டுகள் மார்ச்சிலேயே அவர்களுக்கென்று தனியாக ஒரு விருந்து வைக்கின்றன. எல்லா இடத்திலும் அப்படிச் செய்ய வேண்டும்.

விதிவிலக்கான ஆண்டுகளும் உண்டு. 2022-23 குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் கொட்டிய பனியால் மாமத் மவுண்டன் 2023 ஆகஸ்ட் 6 வரை லிஃப்டை ஓட்டியது. ஜூலை 4 அன்று அமெரிக்கக் கொடி நிறத்தில் உடுத்திக்கொண்டு அரைக்கால் சட்டையில் சறுக்கினார்கள். அப்படிப்பட்ட ஆண்டுகள் அபூர்வம்.

வசந்தப் பனியின் இயல்பும் இந்தக் கொண்டாட்டத்துக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறது. பகலில் உருகி இரவில் உறைவது பல நாள் தொடரும்போது பனித்துகள்கள் ஒட்டித் திரண்டு பருமணிகளாகின்றன. ஸ்கீ செய்பவர்கள் இதைக் கார்ன் ஸ்னோ என்பார்கள். மேகமில்லாத இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுவதால், காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறைந்துவிடும். காலை 9 மணிக்குத் தரை இறுகிக் கிடக்கும். விழுந்தால் எலும்பு வரை உறைக்கும். 11 மணிக்கு மேல் ஓர் அங்குலம் மட்டும் இளகியிருக்கும். சறுக்குவதற்கு அதைவிடச் சுகமான பரப்பு கிடையாது. பிற்பகல் 2 மணிக்கு அதுவே கூழ்ப்பனியாகி, ஸ்கீயின் அடிப்பரப்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். நன்றாகச் சறுக்க விரும்புகிறவரின் வேலை மதியத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கூழ்ப்பனியே விளையாட்டுப் பொருள். விழாக்கள் பெரும்பாலும் பிற்பகலில் நடப்பது இதனால்தான்.

இனி, வேடமிட்டவர்கள் வந்து விழும் அந்தக் குளம். அடிவாரச் சரிவில் பனி சீர்செய்யும் வண்டியால் நீளமான பள்ளம் தோண்டி, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்புவார்கள். மேலே ஒரு புறப்படும் இடம் குறித்திருப்பார்கள். அங்கிருந்து நேராக இறங்கி, கிடைத்த வேகத்தை மட்டும் நம்பித் தண்ணீரின் மேலே சறுக்கி அக்கரை சேர வேண்டும். பாண்ட் ஸ்கிம் என்பது பொதுப்பெயர். ஸ்லஷ் கப் என்றும் பல ஊர்களில் சொல்வார்கள். வேகமாக வரும் தட்டையான பலகை நீரைக் கீழே தள்ளுகிறது. நீர் பலகையை மேலே தள்ளுகிறது. அந்தத் தூக்குவிசை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். குளத்தின் முக்கால் தூரம் மிடுக்காக வந்தவர் திடீரென்று இடுப்பளவு மூழ்குவது இதனால்தான்.

ஆகவே இதில் இறங்கப் போகிறீர்கள் என்றால் அகலமான ஸ்கீ எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது இரு கால்களும் ஒரே பலகையில் நிற்கும் ஸ்னோபோர்டு. ஒல்லியான பந்தய ஸ்கீ சீக்கிரம் மூழ்கும். இறங்கும் வழியில் திரும்பவோ வேகத்தைக் குறைக்கவோ கூடாது. பயந்து கடைசி நொடியில் வேகம் குறைப்பவர்கள்தான் முதல் நான்கு மீட்டரிலேயே விழுகிறார்கள். தண்ணீரைத் தொடும்போது எடையைக் கொஞ்சம் பின்னால் வாங்கி நுனிகளை மேலே வைத்திருங்கள். இரண்டு ஸ்கீயும் ஒரே மட்டத்தில், தட்டையாக இருக்க வேண்டும். ஒரு விளிம்பு சாய்ந்தாலும் நீர் அதைப் பற்றிக்கொண்டு உங்களைக் குப்புறத் தள்ளும். அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் வால் அமிழ்ந்து அப்படியே உட்கார்ந்துவிடுவீர்கள். அக்கரை சேர்ந்தவருக்கு மட்டும் பரிசு என்பதும் இல்லை. வேடம், பாணி, தைரியம், விழுந்த அழகு எல்லாவற்றுக்கும் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். நன்றாக விழுந்தவருக்குக் கிடைக்கும் கைத்தட்டல் அக்கரை சேர்ந்தவருக்குக் கிடைப்பதைவிடப் பல நேரம் அதிகம்.

குளத்தின் உண்மையான ஆபத்து எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடல் விறைத்துப்போவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அரைமணி நேரமாவது ஆகும். நீங்கள் அதற்குள் கரையேறி உடை மாற்றியிருப்பீர்கள். அபாயம் முதல் ஒரு நிமிடத்தில் இருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகிலுள்ள தண்ணீரில் திடீரென்று விழும்போது தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு உள்ளே இழுபடும், மூச்சு தாறுமாறாகும், இதயம் வேகமாக அடிக்கும். அந்த இழுப்பு நடக்கும்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. எனவே விழுந்தவுடன் முகத்தை வெளியே கொண்டுவருவதும், ஒரு நிமிடம் நிதானமாக மூச்சைச் சரிசெய்வதும்தான் முதல் வேலை. இதய நோய் உள்ளவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முறையாக நடத்தும் இடங்களில் தண்ணீர்ப் பாதுகாப்பு உடையணிந்த ஆட்கள் குளத்தருகே நிற்பார்கள், ஹெல்மெட் கட்டாயம், பொறுப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அப்படி யாரும் நிற்காத குளத்தில் இறங்காதீர்கள்.

இந்த மரபின் மூத்த இடங்களில் ஒன்று கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சன்ஷைன் வில்லேஜ். அங்கே நடக்கும் ஸ்லஷ் கப்பின் தொடக்கத்தை 1928க்குக் கொண்டுபோகிறார்கள். ரிசார்ட்டின் மையமே 2,160 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சீசன் மே மாதம் வரை நீள்கிறது. மே 25க்கு முந்தைய திங்களான விக்டோரியா டே நீள்வார இறுதியோடு முடிகிறது. குளத்தைச் சுற்றி அரைவட்டமாகப் பனிமேட்டில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்தில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையும் இருக்கும்.

அலாஸ்காவில் கிர்ட்வுட் ஊரிலுள்ள அலியெஸ்கா ரிசார்ட்டின் ஏப்ரல் விழா சற்று வேறு. அடிவாரம் கடல்மட்டத்துக்கு மிக அருகில். மாதக்கணக்காக வெளிச்சம் குறைந்த குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு மாலை நெடுநேரம் வரை வெயில் நிற்கும் ஏப்ரல் என்பதே ஒரு பண்டிகை. அங்கே வேடங்களில் போடும் உழைப்பைப் பார்த்தால் பல வாரம் கேரேஜில் உட்கார்ந்து செய்தது தெரியும்.

கொலராடோவின் அரபஹோ பேசினுக்கு வேறொரு குணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய மலை அது. நிறுவியவர்களில் அமெரிக்க ராணுவத்தின் பத்தாம் மலைப் படைப்பிரிவிலிருந்து வந்தவர்கள் உண்டு. அடிவாரமே 3,286 மீட்டர். மற்ற மலைகள் மூடிய பிறகும் பெரும்பாலான ஆண்டுகளில் ஜூன் வரை ஓடும். சரிவை ஒட்டிய வாகன நிறுத்தப் பட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் பீச். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, மடக்கு நாற்காலி போட்டு, இறைச்சி சுட்டுக்கொண்டு, ஹவாய்ச் சட்டையில் உட்கார்ந்திருப்பார்கள். நடுநடுவே எழுந்து போய் இரண்டு முறை சறுக்கிவிட்டு வருவார்கள். மேடையும் அறிவிப்பாளரும் இல்லாத கொண்டாட்டம் இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். யாரும் யாருக்காகவும் நிகழ்ச்சி நடத்துவதில்லை.

அதே மாநிலத்தில் க்ரெஸ்டட் பியூட் என்னும் பழைய சுரங்க ஊரில் 1969 முதல் ஃப்ளவுஷிங்க் என்ற விழா நடக்கிறது. குளிர்காலத்தை வெளியே தள்ளி வசந்தத்தை வரவேற்பது அதன் நோக்கம். ஒரு ராஜாவையும் ராணியையும் முடிசூட்டி, போல்கா நடனம் ஆடுவார்கள். அந்த ஊரின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலைக்கு வந்த குரோஷிய, ஸ்லோவேனியக் குடும்பங்கள் கொண்டுவந்த ஆட்டம் அது. அங்கேயே அல் ஜான்சன் நினைவுப் பந்தயம் என்றும் ஒன்று உண்டு. 1880களில் ஸ்கீயில் தபால் கொண்டுபோன ஒரு தபால்காரரின் நினைவாக, செங்குத்தான சரிவில் நடந்தே ஏறி, குதிகால் கட்டப்படாத ஸ்கீயில் முழங்காலை மடக்கித் திரும்பும் டெலிமார்க் முறையில் இறங்க வேண்டும். பங்கேற்பவர்களில் பலர் வேடத்தில் வருவார்கள். சுரங்கம் மூடிய ஊர் தன் பழைய மனிதர்களை மறக்காமல் வைத்திருக்கும் விதம் இது.

சைபீரியாவில் ஷெரெகெஷ் மலையில் ஏப்ரலில் நீச்சலுடை அணிந்து கூட்டமாக இறங்குவது பெரிய விழாவாகிவிட்டது. நார்வேயில் ஈஸ்டர் விடுமுறைதான் வசந்த ஸ்கீயின் உச்சம்; அங்கே வேடமிட்ட குழந்தைகளுக்கான சிறு பந்தயங்களும் நடக்கும்.

ஆல்ப்ஸ் மலைகளுக்குப் போகிறவர்கள் அமெரிக்க வீடியோக்களை நினைத்துக்கொண்டு போனால் கொஞ்சம் ஏமாறலாம். ஆஸ்திரியாவின் இஷ்கிலில் சீசன் முடிவு என்றால் 2,320 மீட்டர் உயர இடால்ப் சமவெளியில் பெரிய இசை நிகழ்ச்சி. சங்க்ட் அன்டோனில் அது வைஸ ரவுஷ் என்னும் பந்தயம்: 555 பேர் ஒரே நேரத்தில் புறப்பட்டு மலையுச்சியிலிருந்து ஊர்வரை பாய்வார்கள். ஆல்ப்ஸில் வேடம் பெரும்பாலும் சீசனின் முடிவில் வருவதில்லை, நடுவில் வருகிறது. கிறிஸ்தவ நோன்புக்கு முந்தைய ஃபாஷிங் நாட்களில் பவேரியாவின் ஷ்பிட்ஸிங்ஸே அருகே ஃபர்ஸ்ட்ஆல்ம் சரிவில் வீட்டில் செய்த விசித்திர வண்டிகளோடு இறங்குவார்கள். சுவிட்சர்லாந்தின் பெலால்ப்பில் 1983 முதல் ஜனவரியில் சூனியக்காரி வேடமிட்டுப் பந்தயம் ஓடுகிறார்கள். வேடம் போடுவதற்கென்று நாட்காட்டியில் ஏற்கெனவே இடம் இருப்பதால் ஏப்ரலில் அது தேவைப்படவில்லை. வட அமெரிக்க மலை ஊர்களில் பெரும்பாலும் அப்படியொரு நாள் இல்லாததால், அந்த ஆசை முழுவதும் சீசனின் கடைசி நாளில் வந்து குவிந்துவிட்டது. இது என் கணிப்பு. இரண்டு பக்க வழக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கேப்பர் டே என்று சில அமெரிக்க மலைகளில் ஏப்ரல் முதல் தேதியோ கடைசி நாளோ கொண்டாடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கீ தெரியாமல் தடுமாறும் பயணியைப் போல உடுத்திக்கொண்டு வருவது அதன் வழக்கம். ஜீன்ஸ், ஹெல்மெட்டுக்கும் காகிள்ஸ் எனப்படும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் நடுவே நெற்றி தெரியும் பெரிய இடைவெளி, தலைகீழாகத் தூக்கிய ஸ்கீ. 1980களின் பளிச்சென்ற ஒற்றைத் துண்டு உடைகளும் இதன் வழியாகத்தான் மறுவாழ்வு பெற்றன. உடைகள் அழகு. புதியவரைக் கேலி செய்வது அழகில்லை. முதல்முறை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து நூறு முறை விழுந்து எழுகிறவர்தான் பத்து ஆண்டு கழித்து அந்த மலையை நேசிக்கப் போகிறவர். பழைய உடைகளை மட்டும் வைத்துக்கொண்டு கிண்டலை விட்டுவிட்ட ஊர்களே இதை நன்றாக நடத்துகின்றன.

வேடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது லிஃப்ட். தொங்கும் வால், நீண்ட துப்பட்டா, அகலச் சிறகு, தளர்ந்த கயிறு எதுவும் சேர்லிஃப்டின் நாற்காலியில் மாட்டிக்கொள்ளும். இறங்கும் இடத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஊழியர் அதைக் கழற்றச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கழற்றுங்கள். காற்றடைத்த பெரிய வேடங்களில் பாதுகாப்புக் கம்பியை முழுதாக இறக்க முடியாது. அவற்றைக் கையில் கொண்டுபோய் மேலே போய் ஊதிக்கொள்ளலாம். முழுத்தலை முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். கூட்டமான கடைசி நாளில் மோதல்கள் பக்கவாட்டிலிருந்துதான் வருகின்றன. ஹெல்மெட்டை அணிந்து அதன் மேல் வேடத்தின் தலையை ஒட்டிக்கொள்வதுதான் நல்ல வழி. துணியில் பருத்தியைத் தவிருங்கள், நனைந்தால் காயாது. உள்ளே மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உடை, பையில் ஒரு மாற்று உடையும் காலுறையும்.

வெயிலை அலட்சியம் செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதிய பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. அதனால் தாடையின் அடிப்புறமும் மூக்குத்துவாரத்தின் உட்புறமும்கூடப் பொசுங்கும். வேடத்துக்குப் பொருந்தவில்லை என்று காகிள்ஸைக் கழற்றிவைத்தவருக்கு அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். நீச்சலுடையில் சறுக்குவது வீடியோவில் நன்றாக இருக்கும்; பருமணிப் பனியில் ஒருமுறை விழுந்தால் தொடை முழுக்கத் தோல் உரிந்துவிடும்.

மதுவைப் பொறுத்தவரை, கொலராடோவில் போதையில் சறுக்குவதை 1979ஆம் ஆண்டின் ஸ்கீ பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. 3,000 மீட்டருக்கு மேலே உடல் சீக்கிரம் வறண்டுபோகும். அன்றைய சறுக்கல் முடிந்த பிறகு குடியுங்கள்.

பூர்வகுடி மக்களின் இறகுத் தலைப்பாகையையோ வேறு சமூகத்தின் உடையையோ வேடமாக்காதீர்கள். இந்த மலைகளில் பல அவர்களுடைய நிலம். பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்தும் சொல் தன் பெயரில் இருந்ததால்தான் 1960 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த கலிஃபோர்னிய ரிசார்ட் 2021இல் பாலிசேட்ஸ் டாஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. மினுமினுக்கும் ஜிகினாத் தூள், உதிரும் இறகு, சாயம் ஆகியவையும் வேண்டாம். அந்தப் பனி இரண்டு வாரத்தில் ஓடையாகும், உதிர்ந்ததெல்லாம் அதோடு போகும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. மூடும் நாள் குளிர்காலத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டாலும், பனியைப் பொறுத்து ஒரு வாரம் முன்பின் நகரும். திரும்பப் பெற முடியாத விமான டிக்கெட் எடுக்கும் முன் மார்ச் நடுவில் மறுபடி பாருங்கள். குளத்தில் இறங்கப் பெயர் கொடுக்க வேண்டும். இடங்கள் சீக்கிரம் நிரம்பும், சில ஊர்களில் வேடத்தை விவரித்து எழுதச் சொல்லித் தேர்ந்தெடுப்பார்கள். அன்று வாகன நிறுத்துமிடம் காலையிலேயே நிறைந்துவிடும், பேருந்தில் போவது மேல். கடைசி லிஃப்டில் ஏற ஊழியர்களும் ஊர்க்காரர்களும் மாலையில் வரிசையில் நிற்பார்கள். அந்த நாற்காலியை அவர்களுக்கு விட்டுவிட்டு, நீங்கள் அதற்கு முந்தையதில் ஏறிக்கொள்ளுங்கள்.